இடுப்பில் படர்தாமரை: க்ரீம் பூசினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது

கரூர்க்காரி:

வணக்கம். நேரில் யாரிடமும் கேட்கக் கூச்சமான விஷயம். இங்கே முகம் தெரியாது என்பதால் கேட்கிறேன்.

கரூரில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, மேலே தகரக் கூரை. பங்குனி பிறந்தாலே பாவாடை நாடா கட்டும் இடம் வியர்வையில் ஊறிவிடும். போன வெயில் காலத்தில் அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, செதில் செதிலாக. அரிப்பு தாங்க முடியாது, அதுவும் ராத்திரியில்.

வீட்டுக்காரர் மெடிக்கலில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்தார். மூன்றாம் நாளே அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது. போய்விட்டது என்று நிறுத்தினேன். திரும்ப வந்தது, இந்த முறை வட்டத்துக்குள் வட்டமாக. மறுபடி பூசினால் அடங்கும், நிறுத்தினால் வரும். இப்படியே ஓடுகிறது. இப்போது இடுப்பைச் சுற்றி முக்கால் பாகம் பரவி, உள்தொடை இரண்டிலும் இறங்கிவிட்டது. அவருக்கும் தொடை இடுக்கில் இருக்கிறது, கேட்டால் வேர்க்குரு என்கிறார். காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குக் கன்னத்தில் ஒரு வட்டம் ஆரம்பித்திருக்கிறது. "அம்மா, அந்த ட்யூபைக் கொடுத்தனுப்பு" என்று போன் செய்கிறாள். மாமியார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசச் சொல்கிறார்.

எத்தனை நாள் பூச வேண்டும்? லேசாகவா, திட்டாகவா? இதே ட்யூபை மகளுக்குக் கொடுக்கலாமா? இதைவிடப் பவர் அதிகமான க்ரீம் இருக்கிறதா?

டெலிவரி தம்பி:

அக்கா, நாள் முழுக்க பைக் சீட்டில் உட்கார்ந்து எனக்கும் இதே தொல்லை. பூண்டை நசுக்கி வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு படுங்கள். எரியும்தான், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் கிருமி செத்துவிடும். அதற்கு மேல் எலுமிச்சம்பழம்.

மருந்துக்கடைக்காரர்:

தம்பி, பூண்டு குழம்போடு நிற்கட்டும். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பும். அப்படிக் கட்டிவிட்டு நடக்க முடியாமல் கடைப் படியேறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். படர்தாமரை அப்படியே இருந்தது, கூடவே ஒரு தீப்புண்.

சகோதரி, திண்டுக்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். பி.பார்ம் படித்தவன், டாக்டர் இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேலை. அந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் கலவையை அப்படியே இங்கே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒரே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு கலவை விற்கும் காலம் இது, பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கரூர்க்காரி:

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன் அண்ணா. க்ளோபெட்டசால் ப்ரொப்பியோனேட் 0.05 சதவீதம், மைக்கோனசோல் நைட்ரேட் 2 சதவீதம், நியோமைசின் 0.5 சதவீதம். அப்புறம் க்ரீம் பேஸ் என்று இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர்:

நினைத்தது சரியாகப் போயிற்று.

இதில் மூன்று மருந்து. மைக்கோனசோல் பூஞ்சைக்கு, படர்தாமரை வருவது அந்தப் பூஞ்சையால்தான். நியோமைசின் பாக்டீரியாவுக்கு, அதற்கும் படர்தாமரைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் இருக்கிறதே க்ளோபெட்டசால், அது ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் அதைவிட வீரியமானது கிடையாது என்றே சொல்லலாம். மூன்றாம் நாள் அரிப்பை நிறுத்தியது அதுதான். அரிப்பும் சிவப்பும் உங்கள் உடம்பு பூஞ்சையை எதிர்ப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அமுக்கிவிடும். குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனைத் திண்ணையில் உட்காரவைத்த மாதிரி. சத்தம் இல்லை, ஆனால் பூஞ்சை உள்ளே தாராளமாகப் பரவும். வட்டத்துக்குள் வட்டம் வருவதே பெரும்பாலும் ஸ்டீராய்டு பூசிய படர்தாமரையின் அடையாளம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். க்ளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்கில் பூசவே கூடாது. கரப்பான் என்கிற எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதும்போதே இந்தக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் பூசுவது உள்தொடையில். அங்கே தோல் மெல்லிசு, மடிப்புக்குள் மருந்து கூடுதலாக உள்ளே போகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதமாக மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் வருவது போன்ற வரிகள் சிவப்பாக விழும். படர்தாமரை போனாலும் அந்த வரிகள் முழுதாகப் போகாது. அப்படி ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

மகளுக்கு இந்த ட்யூப் வேண்டவே வேண்டாம். முகத்தில் ஸ்டீராய்டு போட்டால் பருவாக வெடிக்கும், முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும், நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும்.

இவ்வளவு வீரியமான மருந்தை எப்படி மளிகை மாதிரி விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது, அதாவது சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருடம் போராடித்தான் அது வந்தது. கடைகளில் நடப்பது வேறு. வருகிறவரும் "நல்ல ட்யூபா, சீக்கிரம் கேட்கிற மாதிரி கொடுங்க" என்றுதான் கேட்கிறார். சீக்கிரம் கேட்பது இதுதான். வெறும் பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் இரண்டாம் நாளே வந்து "அரிப்பு நிற்கவே இல்லையே" என்று சண்டை பிடிப்பார். என் தொழில்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று யாராவது வருத்தப்பட்டால் படட்டும்.

சரி, சரியான க்ரீமுக்கு வருகிறேன். கலவையில் ஒரே ஒரு மருந்து மட்டும் இருக்க வேண்டும்: க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், கீட்டோகோனசோல் 2, லுலிகோனசோல் 1, டெர்பினாஃபைன் 1 என்று இப்படி. பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் எல்லாம் ஸ்டீராய்டு, இவற்றில் எது கூட இருந்தாலும் கீழே வையுங்கள். பவர் அதிகமானதைத் தேடாதீர்கள், சரியாகப் பூசினாலே பாதி வேலை முடிந்தது.

பூசுவதில் இரண்டு இரண்டாக ஒரு கணக்கு உண்டு. தினம் இரண்டு வேளை. வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும். எல்லாம் மறைந்த பிறகும் இரண்டு வாரம். லுலிகோனசோல் என்றால் ஒரு வேளை போதும். பலரும் சிவந்த ஓரத்துக்குள்ளேயே பூசி முடித்துவிடுகிறார்கள். பூஞ்சை வெளிப்பக்கமாக வளரக்கூடியது. கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரிகிற அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் அது அடுத்த வாரத்துக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே பூசி வாருங்கள். மொத்தத்தில் நான்கு வாரமாவது ஆகும், உங்களுக்கு ஆறுக்கு மேலும் போகலாம்.

அளவு: ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். தோலுக்குள் மறைகிற வரை மெதுவாகத் தடவ வேண்டும், வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அது புடவைக்குப் போகிற மருந்து. இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். இடுப்பில் முக்கால் சுற்று, தொடை இரண்டு என்றால் குறைந்தது எட்டு உள்ளங்கை. ஒரு வேளைக்கு 2 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராம். 15 கிராம் ட்யூப் நான்கு நாள்கூட முழுதாக வராது. ஒரு ட்யூபை ஒரு மாதம் ஓட்டினேன் என்று யாராவது சொன்னால், சிக்கனம் பிடித்ததில் பூஞ்சைக்குத்தான் லாபம்.

இதனால்தான் சொல்கிறேன், உங்கள் அளவுக்குப் பரவியதை க்ரீமை மட்டும் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும். இட்ராகோனசோல், டெர்பினாஃபைன் என்று இருக்கின்றன. அவற்றை டாக்டர் எழுதித்தான் சாப்பிட வேண்டும். கல்லீரலைப் பார்க்க வேண்டும், இட்ராகோனசோல் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரவே சேராது. கரூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, போங்கள். போகும்போது அந்தப் பழைய ட்யூபைக் கையில் எடுத்துப் போங்கள். "ஏதோ க்ரீம் போட்டேன்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. இத்தனை மாதம் போட்டதை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு முன்னைவிட மோசமாகக் கிளம்பும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் பயந்து பழைய ட்யூபுக்கே திரும்புகிறவர்கள்தான் அதிகம். அரிப்புக்கு மாத்திரை தனியாக உண்டு, கேட்டு வாங்கலாம்.

சீமை அகத்தியைப் பற்றி: அந்த இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு, நம் ஊரில் வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மாமியார் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அரிப்பில் கீறிப் புண்ணாகி, ஸ்டீராய்டில் மெலிந்த தோலில் இலையை அரைத்து அப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தோல் ஓ.பி. நர்ஸ்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் ஒரு அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருகிற அன்று காலையில் க்ரீம் பூசிக்கொண்டு வராதீர்கள் அக்கா. சந்தேகம் இருந்தால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, கேஓஹெச் என்ற கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். வலிக்காது, அன்றைக்கே தெரிந்துவிடும். க்ரீம் ஊறிய தோலில் பூஞ்சை இருந்தும் கண்ணில் படாமல் போகும்.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரையும் இல்லை. காசு மாதிரி வட்டமாகக் கரப்பான் வரும், சொரியாசிஸ் வரும். அவற்றுக்குப் பூஞ்சை மருந்து எத்தனை ட்யூப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. தலையில் வந்தாலும் நகத்தில் வந்தாலும் க்ரீம் போதாது. முடியின் வேருக்குள்ளும் நகத்தின் அடியிலும் அது இறங்காது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டினால் எண்ணெயும் க்ரீமும் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் கூட்டி வந்துவிடுங்கள்.

சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருப்பதே தெரியாமல் இந்த அரிப்புக்காக வந்து, இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள் உண்டு.

வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறது என்கிறீர்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்காவிட்டால் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். குளித்தபின் எல்லாரும் உடம்பைத் துவட்டுகிறார்கள், கயிறு மட்டும் ஈரமாகவே இடுப்பில் கிடக்கும். இதைச் சொன்னால் ஓ.பி.யில் சண்டைக்கே வருவார்கள். குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளட்டும்.

டெலிவரி தம்பி:

பூண்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். நான் க்ரீமோடு பவுடரும் போடுகிறேன், பூஞ்சைக்கான பவுடர் என்று விற்கிறதே, அது. அது மட்டும் போதாதா? க்ரீம் பிசுபிசு என்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார முடியவில்லை.

மருந்துக்கடைக்காரர்:

பவுடர் வியர்வையை உறிஞ்சும், திரும்ப வராமல் தடுக்க உதவும். வந்துவிட்டதை அது மட்டும் தீர்க்காது. க்ரீமை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பூசாமல் விடியக்காலையில் குளித்து, துவட்டி, காற்றாட விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். ஈரத் தோலில் பூசினால் மேலேயே மிதக்கும். கால் மணி நேரம் லுங்கியோடு இருந்துவிட்டு உடுத்துங்கள். ராத்திரி வேளை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அப்புறம் அந்த இறுக்கமான ஜீன்ஸ். பகல் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பைக் சீட் சூட்டில் உட்கார்ந்தால் எந்த க்ரீமும் தோற்றுப்போகும். தளர்வான பருத்தி பேன்ட்டுக்கு மாறுங்கள்.

பூசிய பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். ஜட்டி போடும்போது பாதத்திலிருந்து தொடைக்கு ஏறுகிற வழி அது. முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி என்று போடச் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், காரணம் இதுதான்.

வேலூர் வாசகர்:

ஐயா, இந்த இழையில் நுழைந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருக்கும் தொடை இடுக்கில் இதே மாதிரி. மைக்கோனசோல் மட்டும் இருக்கும் க்ரீம் வாங்கலாம் என்று இருந்தேன். வெளியே பூசுவதுதானே, பயமில்லையே?

மருந்துக்கடைக்காரர்:

நல்ல வேளை, வாங்கும் முன் கேட்டீர்கள். மைக்கோனசோலும் வார்ஃபரினும் ஒத்துப்போகாதவை. வார்ஃபரினின் வேகத்தை அது கூட்டிவிடும், ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு, ஏறி ரத்தக்கசிவு வரை போகலாம். வாய்ப்புண்ணுக்குப் போடும் மைக்கோனசோல் ஜெல்லில்தான் இது அதிகம், ஆனால் தொடை இடுக்கில் க்ரீமாகப் பூசியே ஐஎன்ஆர் ஏறிய சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதய டாக்டரிடம் காட்டி அவர் சொல்லும் வேறு க்ரீமை வாங்குங்கள், எதைத் தொடங்கினாலும் ஐஎன்ஆர் எப்போது பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் கன்றிய திட்டு, கறுப்பாக மலம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கரூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன் அண்ணா, இடது உள்தொடையில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு மூன்று நான்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மகளையும் வரச் சொல்லியாயிற்று. அவர் இன்னும் வேர்க்குரு என்றுதான் சொல்கிறார், துணைக்கு வருவதாகக் கூட்டிப் போய் அங்கே டோக்கன் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பாவாடை, உள்ளாடை எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா? முதலில் வந்த இடம் இப்போது கறுப்பாக இருக்கிறது, அரிப்பு இல்லை. அங்கேயும் பூச வேண்டுமா?

மருந்துக்கடைக்காரர்:

கோடு மெல்லிசாக இருக்கும்போதே பார்த்தது நல்லதாயிற்று, டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.

துணியைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் மூவரின் உள்ளாடை, துண்டு, பாவாடை, படுக்கை விரிப்பைத் தனியாக எடுத்து, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில், 60 டிகிரிக்குக் குறையாமல், ஊறவைத்துத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி உச்சி வெயிலில் காயப்போடுங்கள். கூச்சப்பட்டு உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது காயவே காயாது. மழைக்காலமாக இருந்தால் மடிப்பிலும் தையலிலும் நன்றாக இஸ்திரி போடுங்கள். ஆளுக்கொரு துண்டு. பாவாடை நாடாவைத் தினம் ஒரே இடத்தில் இறுக்காமல் கொஞ்சம் மேலே கீழே மாற்றிக் கட்டுங்கள். வேலை இடத்தில் சம்மதித்தால் சில மாதத்துக்குச் சுடிதார் இன்னும் நல்லது, எலாஸ்டிக் வைக்காமல் தளர்வாக.

கறுப்புக்கு: தடவிப் பாருங்கள். ஓரம் மேடாக இல்லை, செதில் இல்லை, அரிப்பு இல்லை என்றால் அது பூஞ்சை விட்டுப் போன தழும்பு நிறம்தான். மறைய மாதங்கள் ஆகும், எந்தப் பூஞ்சை க்ரீமும் அதை வெளுக்காது. இதற்கென்று வெளுக்கும் க்ரீம் எதுவும் வாங்கிவிடாதீர்கள், அதிலும் பலவற்றில் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். ஓரம் மேடாக இருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது, பூச வேண்டும்.

முறையாகப் போட்டும் அடங்கவில்லை என்றால் மனம் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் பல வருடமாகப் பரவும் பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று தனியாகவே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் பல டெர்பினாஃபைனுக்கு மசிவதில்லை, நியூயார்க் வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று 2023-இல் அறிக்கை வந்தது. அதனால் மருந்தை மாற்றுவதும் நாளை நீட்டுவதும் இப்போது சாதாரணம். மறுமுறை வரச் சொன்ன தேதியில் போங்கள், அரிப்பு நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கரூர்க்காரி:

சரி அண்ணா. அந்தப் பழைய ட்யூபில் இன்னும் பாதி இருக்கிறது. எங்கள் லைனில் இரண்டு பேர் கேட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர்:

டாக்டரிடம் காட்டிய கையோடு மிச்சத்தைப் பிதுக்கிக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் வேண்டாம். கேட்ட இரண்டு பேரையும் செவ்வாய்க்கிழமை கூடவே கூட்டிப் போங்கள்.